அனுப்புநர் என்ற இடத்தில்

திண்டுக்கல்,
வெள்ளிக்கிழமை இரவு.

அன்புள்ள தாயி,

வேடசந்தூர் மில் விடுதியிலிருந்து நீ போனில் அனுப்பிய பதினொரு பக்கமும் வந்து சேர்ந்தன. அந்தச் சின்னத் திரையில் படிக்க என் கண்ணுக்குத் தெம்பில்லை. பேரனை ஜெராக்ஸ் கடைக்கு விரட்டி அச்செடுத்து வாங்கிக்கொண்டேன். மூன்று தடவை படித்தாயிற்று. சிவப்புப் பேனா பக்கத்திலேயே இருந்தும் மூன்றாம் தடவைதான் அதன் மூடியைத் திறந்தேன்.

முதல் வரியிலேயே எனக்குச் சுருக்கென்றது. "நான் மிகவும் வறிய நிலையில் உள்ள, எவ்வித ஆதரவும் அற்ற பெண் ஆவேன்." இது உன் வரி இல்லை தாயி, என்னுடையது. அரசு அலுவலகம் ஒன்றின் வாசலில், வேப்பமரத்தடியில், முப்பது வருஷம் மனு எழுதிப் பிழைத்தவன் நான். ஆண், பெண், கிழவர், குமரி என்ற வித்தியாசம் பார்க்காமல் அந்த வரியை ஆயிரம் பேருக்காவது எழுதியிருப்பேன். உன் அம்மாவுக்கும் எழுதினேன். அப்போது உனக்கு ஏழு வயசு. என் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து, பழைய கார்பன் தாளில் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். வந்தவர்களுக்குக் கேட்கட்டும் என்று நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது வழக்கம். அது உன் காதில் அப்படியே தங்கிவிட்டது போலிருக்கிறது.

"பஸ் ஸ்டாண்டில் கிடந்த கதையை எழுதி இணையத்தில் போடப்போறேன், சரியா இருக்கா பாருங்க தாத்தா" என்று கேட்டிருந்தாய். சரியாக இருக்கும் இடங்களும் இருக்கின்றன. மனுவாக இருக்கும் இடங்களும் இருக்கின்றன. மனு எழுதிக் கைதேய்ந்தவன் என்பதால் அந்த இரண்டாவது வகையை எனக்கு வாசனையிலேயே தெரிந்துவிடும்.

மனுவுக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. மேலே அனுப்புநர், கீழே பெறுநர், பிறகு ஐயா, பிறகு பொருள் என்று ஒரு வரி. அதற்கப்புறம் மூன்று பத்தி: நான் யார், எனக்கு என்ன குறை, தாங்கள் என்ன செய்ய வேண்டும். கடைசியில் இடம், நாள், இப்படிக்கு. இதில் கஷ்டமானது முதல் இடம்தான். அனுப்புநர் என்று போட்டுப் பெயர் எழுதியதும் கதவு எண், தெரு, அஞ்சல் எண் என்று இறங்க வேண்டும். வீட்டுமனைப் பட்டா கேட்டு வந்தவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "வீட்டு நம்பர் என்னம்மா?" உன் அம்மா பதில் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டு இருக்கும் திக்கில் கையைக் காட்டினார். நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, அங்கே இருந்த ஒரு டீக்கடையின் பெயரைப் போட்டு முன்னால் 'மே/பா' சேர்த்தேன். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனுவுக்குப் பதில் ஏதும் அந்த விலாசத்துக்கு வந்ததோ இல்லையோ, அடுத்த வருஷமே கடை கைமாறிவிட்டது.

இதே அனுப்புநர் சிக்கலில் மாட்டிக்கொண்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். டபிள்யூ.எச். டேவிஸ் என்பவர். வேல்ஸ் நாட்டுக்காரர், 1871இல் பிறந்தவர். அமெரிக்காவில் சரக்கு ரயில்களில் டிக்கெட் இல்லாமல் தொற்றிக்கொண்டு, பிச்சை எடுத்துத் திரிந்தவர். தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுக் கனடாவின் வடக்கே கிளம்பிப்போகும் வழியில், 1899இல் ஓடும் ரயிலில் ஏறப்போய் விழுந்து வலது காலை இழந்தார். மரக்காலோடு லண்டன் திரும்பினார். அங்கே நாள்வாடகைக்குப் படுக்கை கிடைக்கும் சத்திரங்களில் கிடந்துகொண்டே கவிதை எழுதினார். பதிப்பகம் எதுவும் சீந்தவில்லை. பாட்டி வைத்துவிட்டுப் போன சொத்திலிருந்து வாரத்துக்குச் சில ஷில்லிங் வந்துகொண்டிருந்தது. அதை மிச்சம் பிடித்து, 1905இல் தானே காசு கொடுத்து முதல் கவிதைப் புத்தகத்தை அச்சடித்தார்.

அச்சடித்ததை எப்படி விற்பது? பிரமுகர்களின் பெயரும் விலாசமும் போட்ட புத்தகம் ஒன்று அந்த நாட்டில் உண்டு. அதிலிருந்து பெயர்களைப் பொறுக்கி ஆளுக்கு ஒரு பிரதி அனுப்பினார். கூடவே ஒரு கடிதம். புத்தகம் வேண்டுமென்றால் அரை கிரவுன் அனுப்புங்கள், வேண்டாமென்றால் புத்தகத்தைத் திருப்பி அனுப்புங்கள், அவ்வளவுதான். ஒரு பிரதி பெர்னார்ட் ஷாவுக்குப் போயிற்று. கடிதத்தில் அனுப்புநர் விலாசம் 'பண்ணை வீடு' என்று இருந்தது. லண்டன் நகரத்துக்குள் எங்கே பண்ணை வீடு என்று ஷா திகைத்துப்போனார். வீடில்லாதவர்கள் படுக்கும் சத்திரம் ஒன்றுக்குத்தான் அந்தப் பெயர். டேவிஸின் தன்வரலாறு 1908இல் வந்தபோது ஷா எழுதிய முன்னுரையில் இந்த விலாசக் கூத்தையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்.

அந்தக் கடிதத்தை நினைக்கும்போதெல்லாம் என் தொழிலை எண்ணி எனக்கு வெட்கமாக இருக்கும். காலில்லை, வீடில்லை என்று அதில் அழுகை கிடையாது. இந்தா சரக்கு, இது விலை, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடு. நானாக இருந்தால் அந்த மனுஷனுக்கு, "மரக்கால் பொருத்திய, வறிய நிலையில் உள்ள கவிஞர் ஆவேன்" என்று ஆரம்பித்திருப்பேன்.

உன் காலத்தில் அச்சுக்கூலி கிடையாது, தபால்தலை கிடையாது. கதவு எண்ணுக்குப் பதில் ஒரு மின்னஞ்சல் முகவரி, ஒரு கடவுச்சொல். பஸ் ஸ்டாண்டில் படுத்திருப்பவரும் அதை வைத்துக்கொள்ளலாம். இது சாதாரண விஷயமில்லை. தமிழிலேயே அதற்கு நல்ல சாட்சி லிவிங் ஸ்மைல் வித்யா. மொழியியல் படித்த திருநங்கை. வீட்டைவிட்டு வெளியேறி, புனே பக்கம் ஓடும் ரயில்களில் கை தட்டிக் காசு கேட்டுப் பிழைக்க வேண்டியிருந்தது. பிறகு மதுரைக்கு வந்து வேலையில் சேர்ந்தார். தமிழில் வலைப்பூக்கள் மளமளவென்று கிளம்பிய நாட்களில் அவரும் ஒன்றைத் தொடங்கி எழுதினார். 2007இல் 'நான், வித்யா' புத்தகமாக வந்தது. கன்னடத்துக்குப் போய், அங்கே படமாகி, நடித்தவருக்கு தேசிய விருதும் கிடைத்தது. இத்தனைக்கும் தொடக்கத்தில் அவர் யாரிடமும் அனுமதி கேட்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கவில்லை. ஆசிரியர் குழு திருப்பி அனுப்பும் என்ற பயம் இல்லை. எழுதினார், பொத்தானை அழுத்தினார், வந்துவிட்டது.

ஆனால் ஒன்று. வாசல் திறந்துவிட்டது என்பதால் குரல் தானாக வந்துவிடாது. எத்தனை பேர் கைப்பட எழுதுவதைப் பார்த்திருக்கிறேன், பேனாவைத் தொட்டதும் நாக்கு மாறிவிடும். பேசும்போது "எங்கப்பன் அடிச்சான், ஓடியாந்துட்டோம்" என்பார்கள். எழுதும்போது "தந்தையாரின் தகாத நடத்தையின் காரணமாக" என்று வந்துவிடும். உன் பதினொரு பக்கத்தில் முதல் நாலு பக்கம் இந்த ரகம். அதை அப்படியே நீக்கிவிடலாம். ஐந்தாம் பக்கத்தில் நீயே வந்துவிடுகிறாய்.

நீ பேசிப் பேசி எழுத்தாக்கியிருக்கிறாய் என்பது பிழைகளிலேயே தெரிகிறது. "பஸ் ஸ்டாண்டில் மூணு வருஷம் படித்தோம்" என்று ஓரிடத்தில் இருக்கிறது. 'படுத்தோம்' என்று நீ சொன்னது போனுக்கு அப்படிக் கேட்டிருக்கிறது. சிவப்புப் பேனாவால் சுழித்தேன். சுழித்தபின் திருத்த மனசு வரவில்லை. உன் இஷ்டம்.

அடுத்து, "பூட்டுக்குப் பெயர்போன ஊரில் பூட்டுவதற்குக் கதவில்லாமல் இருந்தோம்" என்று ஒரு வரி. நீ ரசித்து எழுதியிருப்பாய், தெரிகிறது. எடுத்துவிடு. நம் மாங்காய்ப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து வெளியூரிலிருந்து வருகிற ஆட்களெல்லாம் ரயிலை விட்டு இறங்குமுன்பே பூட்டை வைத்து ஒரு வரி தயார் செய்துகொண்டு வருகிறார்கள். அரை மணி நேரம் இந்த ஊரில் நின்ற யாருக்கும் தோன்றும் வரி அது. மூன்று வருஷம் படுத்தவளுக்கு மட்டும் தெரிந்ததை நீ எழுது.

எழுதியும் இருக்கிறாய். ஆறாம் பக்கம். கடைசி பழனி வண்டி போனபிறகு எந்த விளக்கை அணைப்பார்கள், எதை அணைக்க மாட்டார்கள். எரிகிற விளக்கின் கீழே கொசுவும் வெளிச்சமும், அணைத்த இடத்தில் பயமும். அம்மா எப்போதும் வெளிச்சத்தையே தேர்ந்தெடுத்தது. படுக்கும் முன் அம்மா தன் முந்தானை முனையை உன் கணுக்காலில் முடிச்சுப் போட்டது, யார் உன்னை இழுத்தாலும் தனக்குத் தெரியட்டும் என்று. விடிகாலையில் துடைப்பச் சத்தம் நெருங்க நெருங்க முடிச்சை அவிழ்ப்பதில் அவசரம். ஒரு நாள் முடிச்சு இறுகிப்போய், இருவரும் அப்படியே இணைந்தபடி நொண்டி நொண்டி ஓரத்துக்கு நகர்ந்தது, நீ சிரித்தது, அம்மாவும் சிரித்தது. இந்தப் பக்கத்தில் நான் ஒரு காற்புள்ளிகூட வைக்கவில்லை. முப்பது வருஷத்தில் எந்த மனுவிலும் ஒரு சிரிப்பை நான் எழுதியதில்லை. எழுதினால் மனு தள்ளுபடியாகிவிடும். சிரிக்கிறவருக்கு என்ன குறை என்று கேட்பார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடில்லாதவர்களை எண்ணுவதற்கென்றே பிப்ரவரி 28ஆம் தேதி இரவை ஒதுக்கினார்கள். நடைபாதை, மேம்பாலத்தடி, ரயில் நிலைய மேடை, கோயில் மண்டபம், ஏன், கிடத்தி வைத்திருக்கும் ஹியூம் பைப்புக்குள்கூடப் பார்க்கச் சொல்லியிருந்தது. நாடு முழுக்க சுமார் 17.7 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது. நீயும் அம்மாவும் மறு வருஷம்தான் வந்தீர்கள், அதனால் அதில் இல்லை. இருந்திருந்தாலும் முந்தானை முடிச்சுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. யாரைக் குற்றம் சொல்வது, எண்ணுகிறவரின் வேலை அது இல்லை. உன்னுடைய வேலை.

உனக்கு இன்னொரு விஷயத்தைச் சொல்லி வைக்கிறேன், பயன்பட்டால் எடுத்துக்கொள். தைப்பூசத்துக்கு முன்னால் நம் ஊர் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டோரம் படுத்துத் தூங்குவதை நீ பார்த்திருப்பாய். அதே நடைபாதை, அதே மூட்டை, அதே தை மாதக் குளிர். அவர்களுக்குப் பந்தல் போட்டு சுக்குக் காபி கொடுக்கிறோம், கால் அமுக்கிவிடக்கூட ஆள் நிற்கிறது. அந்த நாலைந்து நாள் உங்களையும் யாரும் எழுப்பி விரட்டியிருக்க மாட்டார்கள், காவி வேட்டிகளோடு நீங்களும் கலந்திருப்பீர்கள். தூக்கம் ஒன்றுதான், திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறதா என்பதை வைத்து ஊர் அதற்கு வேறு வேறு பெயர் வைக்கிறது. அந்த இரவுகளைப் பற்றி உன் பக்கங்களில் ஒன்றுமே இல்லை. நினைவு இருந்தால் எழுது. இல்லாவிட்டால் நான் சொன்னேன் என்பதற்காக இட்டுக்கட்டாதே.

வீடில்லாமல் இருந்தவர்கள் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தவர் மனோரஞ்சன் பியாபாரி. வங்காளி. கிழக்கு வங்காளத்தின் பாரிசால் பக்கத்திலிருந்து அகதியாக வந்த தலித் குடும்பம். முகாமில் வளர்ந்து, பட்டினி தாங்காமல் சிறு வயதிலேயே வீட்டைவிட்டு ஓடி, ரயில் நிலையங்களில் படுத்து, கிடைத்த வேலையெல்லாம் செய்தவர். எழுத்தறிவு ஜெயிலில்தான் வந்தது. மூத்த கைதி ஒருவர் தரையில் கீறிக் கீறிச் சொல்லிக்கொடுத்தார். வெளியே வந்து கல்கத்தாவில் ரிக்‌ஷா மிதித்தார். சவாரி இல்லாத நேரமெல்லாம் வாசிப்பு. ஒரு புத்தகத்தில் 'ஜிஜீபிஷா' என்ற சொல் வந்தது, அர்த்தம் தெரியவில்லை. ஒரு நாள் ரிக்‌ஷாவில் ஏறிய அம்மையார் படித்தவர் போலத் தெரிந்ததால் அவரிடமே கேட்டார். வாழ வேண்டும் என்ற ஆசை என்று அர்த்தம் சொன்ன அந்த அம்மையார், இந்தச் சொல் உனக்கு எங்கே கிடைத்தது என்று திருப்பிக் கேட்டார். அவர் மகாசுவேதா தேவி. அவர் நடத்திய 'பர்த்திகா' இதழில் கூலிகளும் விவசாயிகளும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதுவார்கள். நீயும் எழுது என்றார். பியாபாரி எழுதிய முதல் கட்டுரைக்குத் தலைப்பு, ரிக்‌ஷா ஓட்டுகிறேன் என்பதுதான்.

அந்தத் தலைப்பைக் கவனி. செயப்படுபொருளும் பயனிலையும் மட்டும். 'பரிதாபத்துக்குரிய ரிக்‌ஷாத் தொழிலாளியின் கண்ணீர்க் கதை' என்று அவர் போடவில்லை. பிற்பாடு பள்ளி ஒன்றில் சமையல்காரராக இருந்துகொண்டே புத்தகம் புத்தகமாக எழுதினார். அவருடைய தன்வரலாற்றின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2018இல் 'தி இந்து' பரிசு கிடைத்தது. 2021இல் சட்டமன்ற உறுப்பினராகவும் ஆனார். அதையெல்லாம் உனக்கு ஆசை காட்டச் சொல்லவில்லை, எழுதுகிற எல்லோருக்கும் அப்படி நடக்காது. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் 1983இல் குண்டூரில் பிழைக்கப்போன இடத்தில் போலீஸிடம் பட்டதை 'லாக்கப்' என்று புத்தகமாக்கியது 2006இல். இருபத்து மூன்று வருஷம் கழித்து. வெற்றிமாறன் அதை 'விசாரணை'யாக எடுத்ததும் வெனிஸ் வரைக்கும் போனதும் அதற்கும் ஒன்பது வருஷம் கழித்து. பஸ் ஸ்டாண்டை விட்டு வந்து உனக்குப் பத்து வருஷம்தான் ஆகிறது. தாமதமாகிவிட்டது என்று பதற்றப்படாதே. எழுத வரவில்லை என்றால் இந்த வருஷம் விட்டுவிடு.

நம் பக்கத்துக் கதை ஒன்று. தோட்டனூத்து முகாம் உனக்குத் தெரியும். இலங்கையில் வீட்டை விட்டுவிட்டு வந்தவர்கள் இங்கே பத்துக்குப் பத்து அறையில் பிள்ளை பெற்றுப் பேரன் எடுத்தும் விலாசத்தில் 'அகதிகள் முகாம்' என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் நான் மனு எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லை எழுதும்போது சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். 2021 ஆகஸ்டில் அரசு அதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. அடுத்த வருஷம் செப்டம்பரில் தோட்டனூத்தில் 321 புது வீடுகள் திறந்தார்கள். வீடு கிடைத்தது நல்லது. ஆனால் 1990இல் சிறுவனாகப் படகேறி வந்து மதுரை பக்கத்து முகாமில் வளர்ந்த தொ. பத்திநாதன், 'போரின் மறுபக்கம்' என்று தன் கதையைத் தானே எழுதிப் புத்தகமாக்கியது 2007இலேயே. வீடு வரட்டும், அப்புறம் எழுதலாம் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை.

இனி உன் எழுத்தில் அம்மாவைப் பற்றியது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன் போலிருக்கிறது.

இரண்டாம் பக்கத்தில், "என் தந்தை எங்களைக் கைவிட்டார்" என்று எழுதியிருக்கிறாய். இது உனக்கு யார் சொன்னது? அம்மாவா, என் மனுவா? அன்றைக்கு உன் அம்மா என்னிடம் சொன்னது வேறு. நான் சொல்வதை வைத்து முடிவு கட்டாதே, அவரிடமே கேள். எனக்கு நினைவிருப்பது இதுதான்: "அவர் ஒண்ணும் விடலை. நான்தான் பிள்ளையைத் தூக்கிட்டுக் கிளம்பி வந்துட்டேன்" என்றார். குரல் உயர்த்தாமல், நேராகப் பார்த்துச் சொன்னார். நான் பேனாவை வைத்துவிட்டு, அப்படி எழுதினால் செல்லாதும்மா என்றேன். கணவனால் கைவிடப்பட்ட பெண் என்றால்தான் திட்டத்தில் இடமுண்டு. தானாகக் கிளம்பி வந்த பெண்ணுக்குத் தலைப்பு கிடையாது. அவர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். பிறகு, "உங்களுக்குத் தெரிஞ்சபடி எழுதுங்க" என்றார். எழுதினேன். முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டேன்.

தொழிலில் இது தினசரி நடப்பு, அன்றைக்கு எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. உன் இரண்டாம் பக்கத்தைப் பார்த்தபோதுதான் உறுத்தியது. ஒருத்தி தன் வாழ்க்கையில் எடுத்த பெரிய முடிவை நான் 'கைவிடப்பட்ட' என்று ஒரே சொல்லில் அழித்துவிட்டேன், அது அவள் மகளின் எழுத்திலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. மனுவில் எல்லா வினையும் பிறர் செய்வது. கைவிடப்பட்டேன், விரட்டப்பட்டேன், பாதிக்கப்பட்டேன். உன் அம்மா கிளம்பினார், வெளிச்சத்தைத் தேர்ந்தெடுத்தார், முடிச்சுப் போட்டார், ஹோட்டல் ஹோட்டலாகப் போய்ச் சமையல் வேலை கேட்டார், நாகல்நகரில் அறை பிடித்தார்.

ஆகவே இதை இணையத்தில் போடும் முன் ஞாயிற்றுக்கிழமை நாகல்நகர் போய் அம்மாவுக்கு முழுக்க வாசித்துக் காட்டு. அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதாலேயே அவரைக் கேட்காமல் போடுவது நியாயமாகாது. டில்லியில் தெருப்பிள்ளைகள் சேர்ந்து 2003இலிருந்து 'பாலக்நாமா' என்று ஒரு பத்திரிகை நடத்துகிறார்கள். ஆசிரியர், நிருபர் எல்லாம் பிள்ளைகளே; பதினெட்டு வயசானால் அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகளும் அதில் நிருபர்கள். அவர்களுக்கு 'பாத்தூனி' நிருபர் என்று பெயர், வாயாடி என்று நாம் சொல்கிறோமே, அது. அவர்கள் சொல்லச் சொல்ல, எழுதத் தெரிந்த பிள்ளை எழுதிக்கொள்ளும். உன் கட்டுரையில் அம்மாவுக்கு அந்த இடத்தைக் கொடுத்துப் பார். அவர் எந்த வரியை எடு என்கிறாரோ, காரணம் கேட்காமல் எடுத்துவிடு. மற்ற பெயர்களையும் மாற்று. உங்களுக்குப் பக்கத்தில் படுத்திருந்த அந்த அக்காவுக்கு இப்போது குடும்பம் இருக்கலாம், அவர் பழைய கதை அவர் வீட்டாருக்குத் தெரியாமல் இருக்கலாம். படம் எதுவும் போடாதே. பிரியாணிப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்துவிட்டு அம்மா முகத்துக்கு நேரே போனை நீட்டிப் படம் பிடித்த ஆளைப் பற்றி ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாயே, அதே வேலையை நாமும் செய்யக்கூடாது. புனைபெயர் வைத்துக்கொள்வதில் கூச்சம் வேண்டாம். தமிழில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் புனைபெயரில்தான் எழுதியிருக்கிறார்கள்.

சில்லறை விஷயங்கள். எழுதியதெல்லாம் போனில் மட்டும் இருக்கிறது என்றாய், எனக்குப் பகீரென்றது. பஸ் ஸ்டாண்டில் உங்கள் பை களவு போன கதையை எழுதியவள் நீ. இன்றைக்கே உன் மின்னஞ்சலுக்கு ஒரு பிரதி அனுப்பி வை. கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி அம்மாவின் அரிசி டப்பாவில் போடு. ரீசார்ஜ் போடாமல் மாதக்கணக்கில் விட்டால் எண் கைவிட்டுப் போகும், எண் போனால் ஓ.டி.பி. வராது, ஓ.டி.பி. வராவிட்டால் உன் எழுத்து இருக்கும் இடத்துக்குள் உன்னாலேயே நுழைய முடியாது. பத்தாவது பாஸ் செய்த பேரன் எனக்கு விளக்கியது இது, தப்பிருந்தால் அவனைத் திட்டு.

யாராவது உன் கதையை எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொண்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தாய். 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய நொடியிலேயே அது எழுதியவருடையது. பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உன் ஆயுள் முழுக்கவும், அதற்கப்புறம் 60 வருஷமும் உரிமை உனக்கும் உன் வாரிசுக்கும். பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கம் எதுவும் கேட்காத சொத்து. நான் எழுதிக் கொடுத்த மனுக்களில் எத்தனைக்குப் பட்டா கிடைத்தது என்று எண்ணினால் விரல் மிஞ்சும். இதற்கு மனுவே வேண்டியதில்லை. தேதி போட்டு வை, பழைய வடிவங்களை அழிக்காதே. அவை பின்னால் சாட்சிக்கு உதவும்.

யாருக்காக எழுதுகிறோம் என்ற கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மனுவில் பெறுநர் தெளிவு, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர். உன் எழுத்துக்குப் பெறுநர் யார்? இன்றிரவு அந்த பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு பிள்ளை முந்தானை முடிச்சோடு படுத்திருக்கலாம். அந்தப் பிள்ளையின் அம்மா கையில் ஒரு போன் இருக்கலாம், சார்ஜும் இருக்கலாம். அவர் படிப்பார் என்று நினைத்துக்கொண்டு எழுதினால் முதல் நாலு பக்கம் தானாகவே கழன்றுவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவரிடம் போய், நான் வறிய நிலையில் உள்ளேன் என்று நீ சொல்ல மாட்டாய். எந்த விளக்கை அணைக்க மாட்டார்கள் என்று சொல்வாய்.

உன் தாள்களைச் சிவப்புத் திருத்தத்தோடு பேரனிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே இன்னொரு தாள். தொழிலை விட்டபோது பழைய கார்பன் நகல்களை எடைக்குப் போட்டேன், ஒரு கட்டு மட்டும் அலமாரிக்கு அடியில் கிடந்தது. நேற்று தேடினேன், இருந்தது. மை மங்கிவிட்டது, வெயிலில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து தெரியும். ஓரத்தில் ஒரு சின்னக் கட்டைவிரல் ரேகை, நீலத்தில். கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் முதலில் உன் அம்மாவுடையது என்று நினைத்தேன். அளவைப் பார்த்தால் உன்னுடையது.

அதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. அவர் எங்கெங்கே நிறுத்தச் சொல்கிறாரோ அங்கெல்லாம் ஒரு கோடு போட்டு எனக்குத் திருப்பி அனுப்பு.

இடம்: திண்டுக்கல்

இப்படிக்கு,
மனு தாத்தா

இணைப்பு:
1. உன் தாள்கள், பதினொன்று.
2. அம்மாவின் மனு, கார்பன் நகல், ஒன்று.